புகழரங்கச் சுவருக்கு ஒன்பது தட்டுகள்: தஞ்சாவூர்க் கலைத்தட்டுப் பட்டறை ஒன்றில் எங்கள் அனுபவம்

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் படிப்பகத்தில் உள்ள நீளச் சுவர், பல ஆண்டுகளாக ஓட்டல்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் கொடுத்த நாள்காட்டிகளை மட்டுமே சுமந்துகொண்டிருந்தது. அதை எங்கள் வட்டாரத்தின் புகழரங்கமாக ஆக்குவது என்று முடிவானபோது, ஆட்டக்காரர்கள் ஐவர், பயிற்சியாளர்கள் இருவர், மைதான வர்ணனையாளர்கள் இருவர் என ஒன்பது பேரை முதல் தொகுதியில் சேர்த்தோம். பெயர்ப் பட்டியல் இரண்டு கூட்டங்களில் முடிந்தது. அவர்களுக்கு என்ன கொடுப்பது என்பதற்கு மூன்று கூட்டங்கள் ஆயின. கண்ணாடி ஷீல்டு வேண்டாம் என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் நின்றார்கள். பழைய ஆட்டக்காரர் எவர் வீட்டுக்குப் போனாலும் பீரோவின் தலைமேல் ஏழெட்டு ஷீல்டுகள், ஒட்டிய எழுத்துகள் உரிந்து, எந்த ஆண்டு எதற்காகக் கிடைத்தவை என்று உரியவருக்கே தெரியாதபடி தூசி படிந்து கிடக்கின்றன. ஆகவே தஞ்சாவூர்க் கலைத்தட்டு என்று தீர்மானித்து, மேல வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் இருக்கும் ஒரு பட்டறையில் ஒன்பது தட்டுகளுக்குச் சொல்லி வைத்தோம். நிறையோடு குறையையும் எழுத இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

கலைத்தட்டு இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்துக் கலை என்று சொல்வார்கள். புவிசார் குறியீடும் பெற்றது. பித்தளைத் தட்டின் மேல், அச்சில் தட்டி உருவெழுப்பிய வெள்ளி அல்லது செம்புத் தகடுகளைப் பதித்துச் செய்வது அதன் முறை. முன்பக்கம் கண்ணாடி அலமாரியோடு கூடிய சிறிய கடையும், அதன் பின்னால் நான்கு பேர் உட்கார்ந்து வேலை செய்யும் பட்டறையுமாக இருப்பதால், கொடுத்த வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதை நேரில் போய்ப் பார்க்க முடிகிறது. இதைத்தான் இந்தக் கடையின் முதல் சிறப்பாகச் சொல்வேன். அலமாரியில் இருந்தவை எல்லாம் வழக்கமான உருவங்கள்: நடராசர், மயில், பெரிய கோயில் விமானம், குத்துவிளக்கு. திருமணத்துக்கும் பதவி ஓய்வு விழாவுக்கும் வாங்குகிறவர்களுக்கு அவை போதும். எங்களுக்கு நடுவட்டத்தில் கபடி வீரர் வேண்டும், ஓடுகிறவர் வேண்டும் என்றபோது, அதற்கெல்லாம் அச்சு இல்லை, புதிதாக வெட்ட வேண்டும் என்று மூத்த ஆசாரி ஒளிக்காமல் சொன்னார்.

அதன் பிறகு அவர் கேட்ட கேள்வியால்தான் இந்தப் பட்டறை எனக்குப் பிடித்துப்போனது. “கபடி ஆளுன்னா, பாடிப் போறவரா, பிடிக்கிறவரா சார்?” என்றார். ஷீல்டுக் கடைகளில் எவரும் இதைக் கேட்டதில்லை. அங்கே கபடி என்றால் ஒரே படம்தான், கையை நீட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். எங்கள் பட்டியலில் இருந்த மூன்று கபடிக்காரர்களில் இருவர் பிடிப்பவர்கள். தஞ்சை மாவட்டத்துச் சேரலாதன் 2016இல் புரோ கபடி லீகின் நான்காம் பருவத்தில் பாட்னா அணியின் தலைவராகக் கோப்பையை வென்று, அதே ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தவர். அவரும் பிடிக்கும் ஆட்டக்காரர்தான். அவர் ஆட்டத்தின் காணொளி ஒன்றைக் கைப்பேசியில் காட்டினோம். ஆசாரி அதை நான்கைந்து முறை ஓடவிட்டுப் பார்த்து, முழங்காலை எவ்வளவு மடக்குகிறார், எதிராளியின் கணுக்காலை எந்தக் கையால் பற்றுகிறார் என்பதைக் கரிக்கோலால் ஒரு பழைய ரசீதின் பின்புறம் வரைந்துகொண்டார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, மெல்லிய வெள்ளித் தகட்டை அச்சின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தட்டிக்கொண்டிருந்தார். தகடு முதலில் சுருங்கி, பிறகு பள்ளத்துக்குள் இறங்கி, ஒரு தோளும் வளைந்த முதுகும் மெல்லத் தெரியவந்தன. எழும்பிய உருவம் நசுங்காமல் இருக்க, பின்புறக் குழிவில் மெழுகுக் கலவையை நிரப்பி, அதன் பிறகே தட்டில் பதித்தார்.

ஓட்டக்காரர் தட்டில் அவ்வளவு நிறைவு இல்லை. லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ் 2014இல் இன்சியான் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் வெண்கலம் வென்ற படத்தையும் மாதிரிக்குக் கொடுத்திருந்தோம். இருந்தும் உருவத்தின் கால்கள் கொஞ்சம் குட்டையாகி, கோயில் தூணில் இருந்து இறங்கி வந்தவர் ஓடுவது போல இருந்தது. வாங்கிக்கொண்டவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

வர்ணனையாளர்களின் தட்டு எப்படி அமைந்தது என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். மைக் பிடித்தவர்களை ஆட்டக்காரர்களோடு சேர்த்து ஒரே சுவரில் வைப்பதா என்று எங்கள் குழுவிலேயே முணுமுணுப்பு இருந்தது. அமெரிக்க பேஸ்பால் புகழரங்கம் ஒலிபரப்பாளர்களுக்கென்று 1978 முதல் தனி விருது கொடுத்துவருகிறது. 2024இல் நியூபோர்ட்டில் பன்னாட்டு டென்னிஸ் புகழரங்கம் லியாண்டர் பயஸை ஆட்டக்காரர் பிரிவிலும், நம் விஜய் அமிர்தராஜையும் இதழாளரும் ஒலிபரப்பாளருமான ரிச்சர்ட் எவன்ஸையும் பங்களிப்பாளர் பிரிவிலும் சேர்த்துக்கொண்டது. இவற்றை எடுத்துச் சொன்ன பிறகுதான் முணுமுணுப்பு அடங்கியது. அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம் என்பது என் எண்ணம். வானொலியில் அப்துல் ஜப்பாரின் தமிழ் வர்ணனையைக் கேட்டுக் கிரிக்கெட்டைக் கற்றுக்கொண்ட தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. அறுவடை முடிந்த வயலில் குழல்விளக்கு கட்டி விடிய விடிய ஆடிய போட்டிகளில், ஆறாவது வரிசைக்குப் பின்னால் நின்றவர்கள் பாதி ஆட்டத்தைக் காதால்தான் பார்த்தார்கள். நன்கொடையாளர் பெயரையும் தொலைந்துபோன சைக்கிள் சாவியையும் அறிவித்துக்கொண்டே, பாடிப் போனவரின் கால் கோட்டைத் தொட்டதா இல்லையா என்பதை நடுவரின் விசிலுக்கு முன்னே சொல்லிவிடுகிற குரல் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

அந்தக் குரலுக்குத் தட்டில் என்ன உருவம் வைப்பது? மைக் என்றோம். மைக் மட்டும் வைத்தால் மேடைப் பேச்சாளர் ஆகிவிடுவார் என்று ஆசாரி மறுத்துவிட்டார். யோசித்துவிட்டு, ஒரு தென்னை மரம், அதில் கட்டிய கூம்புக் குழாய் ஒலிபெருக்கி, கீழே சின்னதாக மைதானக் கோடுகள் என்று அவரே அமைத்தார். குழாயின் வாய் செம்பு, மரம் வெள்ளி. ஒன்பதிலும் மிகச் சிறந்தது இதுவே என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. விழா முடிந்து எல்லோரும் சாப்பிடப் போன பிறகும், தட்டை வாங்கிய பெரியவர் அந்தக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

இனி குறைகள். பட்டறை உருவத்தில் காட்டிய அக்கறையை எழுத்தில் காட்டவில்லை. தட்டின் கீழ்ப்பகுதியில் வரும் பெயர்த் தகட்டை அவர்கள் வெளியே வேறொருவரிடம் கொடுத்துப் பொறித்து வாங்குகிறார்கள். பயிற்சியாளர்கள் இருவரின் தகட்டிலும் “பயிற்ச்சியாளர்” என்று ஒரு ‘ச்’ கூடுதலாக ஏறியிருந்தது. விழாவுக்கு முந்தின நாள் மாலைதான் பார்த்தோம். அந்த இருவரில் ஒருவர் நாற்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து, மாணவர்களின் விடுப்புக் கடிதத்தில்கூடப் பிழை திருத்திக் கொடுத்தவர். அவரிடம் அதை எப்படி நீட்டுவது? பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னபோது, நாங்கள் எழுதிக் கொடுத்த தாளிலேயே அப்படித்தான் இருந்தது என்று முதலில் சாதித்தார்கள். தாளைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு இறங்கி வந்தார்கள். மறுநாள் இரண்டு பயிற்சியாளர்களுக்கும் மேடையில் சால்வை மட்டும் போர்த்தி அனுப்பினோம். திருத்திய தகட்டோடு தட்டுகள் பன்னிரண்டு நாள் கழித்து வந்தன. அதற்குக் கட்டணம் வாங்கவில்லை, வருத்தம் தெரிவிக்கவும் இல்லை.

விலையில் எனக்குப் புகார் இல்லை. பத்து அங்குலத் தட்டு ஒன்றுக்கு 3,200 ரூபாய் ஆயிற்று; புதிய அச்சுகளைப் பிறகு தாங்களும் பயன்படுத்திக்கொள்வோம் என்று சொல்லி அவற்றுக்குப் பாதிச் செலவையே எங்கள் கணக்கில் சேர்த்தார்கள். அலமாரியில் தயாராக இருக்கும் மலிவுத் தட்டுகளில் வெள்ளி முலாம் மட்டுமே என்பதை நாங்கள் கேட்பதற்கு முன்பே சொன்னதையும் குறிப்பிட வேண்டும். கட்டிக் கொடுக்கும் விதம்தான் மோசம். செய்தித்தாளில் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக அட்டைப்பெட்டியில் அடுக்கிவிட்டார்கள். மன்னார்குடிச் சாலையில் பேருந்து குலுங்கியதில் ஒரு தட்டின் விளிம்பில் கீறல் விழுந்தது.

இந்தப் பட்டறைக்குப் போகிறவர்கள் குறைந்தது ஐம்பது நாள் முன்னதாகச் சொல்லி வைக்க வேண்டும். பொறிக்க வேண்டிய வாசகத்தைத் தட்டச்சு செய்து கொடுத்து, பொறிப்பதற்கு முன் மாதிரித் தாளில் அவர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது பழைய போர்வை இரண்டு எடுத்துச் செல்லுங்கள். அடுத்த தொகுதிக்கும் நாங்கள் இங்கேதான் கொடுக்க இருக்கிறோம். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடிய வடுவூர் அபினேஷின் பெயரைச் சிலர் இப்போதே சொல்கிறார்கள். ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆனவர்களுக்கே இடம் என்பது எங்கள் விதி என்பதால் அவருக்கு இன்னும் நெடுங்காலம் இருக்கிறது. இம்முறை வாசகத்தைச் சரிபார்க்கும் பொறுப்பை அந்த உடற்கல்வி ஆசிரியரே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்.