கையில் 3,600, காகிதத்தில் 6,610: லைசென்ஸ் கடையில் கடன் வாங்கிய கதை

பினாங்கில் பட்டர்வொர்த், பிறை பக்கம் இருப்பவர்கள், அதிலும் சம்பளச் சீட்டு இல்லாமல் சொந்த வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நான் ஏமாந்தது லைசென்ஸ் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் இல்லை. ஆலோங் என்றால் தெருமுனையிலேயே திரும்பியிருப்பேன். நான் படியேறிப் போனது, கடன் கொடுப்பதற்கான அரசாங்க லைசென்ஸைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் கடைக்கு. புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. கீழே கைப்பேசிக் கடை, மேலே இவர்கள். அப்படிப்பட்ட கடைகள் இந்த ஊரில் ஒன்றிரண்டு இல்லை.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். ஆண்டு நடுவில் வரும் விடுமுறையில் வேனின் கியர்பாக்ஸ் போய்விட்டது. பட்டறையில் 4,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள். பள்ளி திறக்க ஒன்பது நாள் இருந்தது. வண்டி ஓடாவிட்டால் இருபத்தொரு பிள்ளைகளும் வேறு வேனுக்குப் போய்விடுவார்கள். போன பிள்ளை திரும்பி வராது. வங்கியில் கேட்டேன். பழைய கிரெடிட் கார்டு நிலுவையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். "என் பெயர் கறுப்புப் பட்டியலில் இருக்கிறது, இனி எந்தக் கதவும் திறக்காது" என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். அந்த முடிவுதான் என்னை அந்தப் படிக்கட்டில் ஏற்றியது.

கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பையன். நெற்றியில் விபூதி, வாய் நிறைய "அண்ணே". 5,000 வெள்ளி, 12 மாதம், மாதம் 650 என்றான். வட்டி எத்தனை விழுக்காடு என்று கேட்டேன். "எல்லாம் அரசாங்க விகிதம்தான் அண்ணே" என்று சுவரைக் காட்டினான். நானும் சுவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

பிறகு மலாய் மொழியில் அச்சடித்த படிவத்தை எடுத்து வைத்தான். கையொப்பமிட வேண்டிய இடங்களில் பென்சிலால் சிறு சிறு பெருக்கல் குறிகள். ஏழு இடம். கடன் தொகை, வட்டி, தவணை என்று எண் வர வேண்டிய இடமெல்லாம் வெறும் புள்ளிக் கோடு. "தொகையைக் கணினியில் அடித்துக்கொள்வோம் அண்ணே, நீங்கள் கையொப்பம் மட்டும் போடுங்கள்." போட்டேன். கடைசிப் பக்கத்தில் சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை ஏற்கனவே குத்தியிருந்தது. அந்த ஆணையரை அன்றும் நான் பார்க்கவில்லை, இன்றுவரையும் பார்த்ததில்லை. நகல் கேட்டேன். முத்திரை வரி கட்டியபின் தபாலில் வரும் என்றான். தபால்காரர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார்.

உறையை வேனுக்குள் உட்கார்ந்து பிரித்தேன். 3,600 இருந்தது. திரும்ப மேலே போனேன். 'புரோசசிங்' கட்டணம் 500, முத்திரைக்கும் வழக்கறிஞருக்கும் 250, முதல் மாதத் தவணை 650 முன்கூட்டியே கழிவு. கூட்டிப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. வங்கி ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "உங்களுக்கு ஏன் அண்ணே ஒவ்வொரு மாதமும் அலைச்சல்" என்பது அதற்குக் காரணம். பட்டறைக்குக் குறைந்த 1,200 வெள்ளிக்கு மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது.

அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பெற்றோர் கொடுக்கும் வேன் பணத்தைக் குறித்து வைக்கும் 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் தேதி போட்டு, 'கடன் 5,000, கையில் 3,600' என்று எழுதியதுதான். பாதுகாப்புக்காக எழுதவில்லை, எரிச்சலில் எழுதினேன்.

ஜூலை முதல் நவம்பர் வரை ஐந்து முறை 650 எடுத்தார்கள். வங்கிக் கணக்கு அறிக்கையில் பார்த்தால், பணம் எடுத்த இயந்திரம் ஒரு மாதம் சுங்கைப்பட்டாணி, மறு மாதம் கூலிம். நான் அந்த நாள்களில் பிறையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் பள்ளி விடுமுறை, வேன் வருமானம் இல்லை, கணக்கில் பணமும் இல்லை. பதினேழாவது நாள் தொலைபேசி வந்தது. இம்முறை 'அண்ணே' இல்லை. தாமதத்துக்கு நாளொன்றுக்கு 50 வெள்ளி, அது மட்டுமே 850 ஆகிவிட்டது, மீதித் தவணை 3,900 தனி என்றார்கள். பிள்ளைகளின் பெற்றோர் எண்கள் எங்களிடம் இருக்கின்றன என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார்கள்.

மறுநாள் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். நான்காம் படிவம் படிக்கிறாள், மலாய் என்னைவிட நன்றாக வாசிப்பாள். ஒப்பந்தத்தைக் கவுண்டரின் அந்தப் பக்கமிருந்தே விரித்துக் காட்டினார்கள். படம் எடுக்கக் கூடாது என்றார்கள். அவள் படம் எடுக்கவில்லை. படிக்கட்டில் இறங்கும்போது 555 புத்தகத்தை வாங்கி, கடன் தொகை என்ற இடத்தில் தான் பார்த்த எண்ணை எழுதினாள்: 6,610.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் கேட்டது 5,000, வாங்கியது 3,600, இந்த 6,610 எங்கிருந்து முளைத்தது? வீட்டுக்கு வந்ததும் அவள் கால்குலேட்டரை எடுத்தாள். 650 பெருக்கல் 12, 7,800. அதை 1.18ஆல் வகுத்தாள். 6,610 வெள்ளியும் சில்லறையும் வந்தது. "அப்பா, இவர்கள் கணக்கைப் பின்பக்கமிருந்து போட்டிருக்கிறார்கள்" என்றாள். மாதம் 650 கறப்பது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அது சட்டம் அனுமதிக்கும் 18 விழுக்காடு வட்டிபோலத் தெரிய எவ்வளவு கடன் கொடுத்ததாக எழுத வேண்டுமோ அவ்வளவை எழுதியிருக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இரண்டு நிமிடத்தில் புரிந்தது. ஏழு கையொப்பம் போட்ட எனக்கு ஆறு மாதமாகியும் புரியவில்லை.

என் வேனில் வரும் ஒரு பையனின் தாயார் வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறார். வெட்கத்தை விட்டு அவரிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நகல் எங்கே அண்ணா?" என்பதுதான். அதன்பின் அவர் எடுத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வட்டிக்கடைகளைக் கட்டுப்படுத்துவது 1951ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டம். லைசென்ஸ் கொடுப்பது வீடமைப்பு, ஊராட்சி அமைச்சு. அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டு வட்டி 18 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அடமானம் இருந்தால் 12. வட்டிக்கு வட்டி கிடையாது. இதைக்கூட நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். நான் கேள்விப்படாதது வேறு: அந்தச் சட்டத்தில் 'கடன் தொகை' என்றால் கடனாளிக்கு உண்மையாகக் கொடுத்த தொகை என்றே பொருள். காகிதத்தில் எழுதிய தொகை இல்லை. கழித்துக்கொண்டது போக உறையில் இருந்தது எவ்வளவோ அதுதான். என் கணக்கில் 3,600. அதற்கு ஓராண்டு வட்டி மிஞ்சிப்போனால் 648. மொத்தம் 4,248. நான் ஏற்கனவே 3,250 கட்டிவிட்டேன். ஆக மீதி 998 வெள்ளி. அவர்கள் கேட்டது 3,900.

தாமதக் கட்டணத்தைக் கேட்டபோது அவர் சிரித்தே விட்டார். கட்டாமல் நிற்கும் தவணைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு தனி வட்டி, நாள் கணக்கில். 650 வெள்ளிக்கு ஒரு நாளைக்கு 14 சென். பதினேழு நாளைக்கு 2 வெள்ளி 42 சென். என்னிடம் கேட்டது 850.

முத்திரை வரி, சட்டச் செலவு போன்றவை நீங்கலாக 'புரோசசிங்' என்று எதையும் கறக்க முடியாது. ஒப்பந்தத்தின் நகலை, முத்திரையிட்டு, பணம் கொடுப்பதற்கு முன்பே தர வேண்டும். பிறகு தபாலில் வரும் என்பது ஏமாற்று. சான்றொப்பமிடுபவர் நம் எதிரில் இருந்து நிபந்தனைகளை விளக்க வேண்டும். இவை நடக்காத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் வசூலிக்க முடியாது. கடன் நிலவரத்தையும் ஆவண நகலையும் எழுத்தில் கேட்கும் உரிமை கடனாளிக்கு உண்டு. ஏடிஎம் அட்டையைப் பிடித்து வைக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது.

அட்டை என்றதும் சொல்ல வேண்டும். வங்கிக்குப் போய் அதை ரத்து செய்து புது அட்டை வாங்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஐந்து மாதமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

அதன்பின் மூன்று காரியம் செய்தோம். நகலும் கணக்கும் கேட்டு ஒரு கடிதம், அதன் பிரதியில் கடையின் முத்திரையை வாங்கிக்கொண்டோம். பெற்றோர்களை இழுத்த மிரட்டலுக்குப் போலீஸ் ரிப்போர்ட். 555 புத்தகத்தின் பக்கத்தையும் வங்கி அறிக்கையையும் இணைத்து அமைச்சுக்குப் புகார். ஒரு வாரத்தில் பழைய 'அண்ணே' திரும்பி வந்தான். பேசி முடித்துக்கொள்ளலாம், 2,500 என்றான். நாங்கள் 998இல் நின்றோம். கடைசியில் 1,200க்கு வந்தது. கடன் முழுதும் தீர்ந்தது என்ற கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகே வங்கி வழியாகப் பணம் அனுப்பினேன். அதிகமாகப் போன 202 வெள்ளி நிம்மதிக்குக் கொடுத்த விலை என்கிறார் மனைவி. எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. புகாரை நான் திரும்பப் பெறவும் இல்லை.

நான் முதலிலேயே போயிருக்க வேண்டிய இடங்கள் வேறு. 'கறுப்புப் பட்டியல்' என்று நான் பயந்த சீக்ரிஸ், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவேடு மட்டுமே. தவணையை ஒழுங்காகக் கட்டினோமா என்று 12 மாத நிலவரத்தைக் காட்டும். கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த வங்கியின் முடிவு. நம் பதிவை நாமே இலவசமாகப் பார்க்கலாம். கார்டு நிலுவைக்கு ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இருக்கிறது. 2006இல் பேங்க் நெகாரா தொடங்கியது, கட்டணம் வாங்காமல் வங்கிகளோடு பேசித் தவணையைச் சீரமைத்துத் தருகிறது. இப்போது அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். சிறுதொழில் செய்யும் இந்தியர்களுக்கென்றே, அரசாங்கத்தின் சிறுதொழில் கடன் அமைப்பான தெக்குனில் ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருப்பதும் பிறகுதான் தெரிந்தது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டத்தைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். கடன் வசூல் நிறுவனங்களையும், 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' வியாபாரத்தையும் கண்காணிக்க அது ஒரு ஆணையத்தை அமைக்கிறது. என் விஷயத்துக்குக் கைகொடுத்தது என்னவோ அந்தப் பழைய 1951 சட்டம்தான்.

வாட்ஸ்அப்பில் கடன் தருகிறோம், முதலில் கட்டணத்தை அனுப்புங்கள் என்பவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை. என் நண்பர் ஒருவர் அப்படி 800 வெள்ளி அனுப்பினார், கடனும் வரவில்லை, ஆளும் இல்லை. அனுப்பிவிட்டவர்கள் யோசித்துக்கொண்டிராமல் உடனே மோசடிப் புகார் எண்ணான 997ஐ அழையுங்கள்.

ஏற்கனவே இப்படிப்பட்ட கடையில் கையொப்பம் போட்டவர்கள் யாராவது இருந்தால், உங்கள் ஒப்பந்த நகலை எடுத்துக் கடன் தொகை என்ற வரியைப் பாருங்கள். நகலே இல்லை என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். கடிதத்தை மலாயில் எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் என்னிடம் சொல்லுங்கள், நான் அனுப்பியதையே தருகிறேன். எழுதியது என் மகள், பிழை இருக்காது.