வியாஸ்மாவில் வளையம் மூடுகிறதா? ஒரு போர்ப் பலகை ஆட்டத்தின் நீண்ட நாள் அனுபவம்

1941 டிசம்பர் 5 அன்று சோவியத் தளபதி கோனெவின் கலினின் முனையும் (முனை என்பது பல படைகள் சேர்ந்த பெரும் தொகுதி), மறுநாள் ஷூகோவின் மேற்கு முனையும் மாஸ்கோவின் வாசலில் நின்ற ஜெர்மானியரைத் தாக்கத் தொடங்கின. அன்றிலிருந்து 1942 ஏப்ரலில் பனி உருகிச் சாலைகள் சேறாகும் வரையிலான காலம்தான் இந்த ஆட்டத்தின் களம். அறுகோணக் கட்டங்கள் அச்சிட்ட பெரிய வரைபடம், நூற்றுக்கணக்கான அட்டைக் காய்கள், இரண்டு பகடைகள், பொடி எழுத்தில் ஒரு விதிப்புத்தகம். பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். இதே அமைப்பில் வேறு ஆட்டங்களும் உண்டு. நான் சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும்.

வாங்கியதன் நோக்கம் ஒன்றுதான். வரலாற்றில் அந்தக் குளிர்காலத் தாக்குதல் ஜெர்மானியரை 100 முதல் 250 கிலோமீட்டர் வரை பின்னுக்குத் தள்ளியது; ஆனால் மாஸ்கோவைத் தாக்க வந்த அவர்களுடைய மத்தியப் படைத்தொகுதி வளைக்கப்படாமல் தப்பிவிட்டது. அது தப்பாமல் போயிருக்க முடியுமா? புத்தகம் படித்தால் ஒருவர் முடியும் என்கிறார், இன்னொருவர் முடியாது என்கிறார். காய்களை நானே நகர்த்திப் பார்க்க விரும்பினேன். சில ஆண்டுகளாக நகர்த்திக்கொண்டிருக்கிறேன்.

பொருளின் தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்களின் அச்சு மங்கவில்லை. வரைபடம் நம் ஊர் ஈரப்பதத்தில் மடிப்புகளில் கிழியத் தொடங்கியது; மேலே கண்ணாடித் தகடு ஒன்றை வைத்த பிறகு பிரச்சினை இல்லை. விதிப்புத்தகத்தில் குதிரைப்படை பற்றிய பகுதி மட்டும் எத்தனை முறை படித்தாலும் இருவர் இருவிதமாகப் புரிந்துகொள்ளும்படி எழுதப்பட்டிருக்கிறது.

இந்த ஆட்டத்தின் உயிர் அதன் வழங்கல் விதிதான், அதாவது படைக்கு உணவும் குண்டும் போய்ச்சேரும் விதி. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஒவ்வொரு ஜெர்மானியக் காயிலிருந்தும் பின்னால் உள்ள ரயில் நிலையம் வரை பாதை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதை நீண்டால் அந்தக் காயின் வலு குறையும், அறுந்தால் பாதியாகும். சோவியத் தண்டவாளத்தின் அகலம் 1524 மில்லிமீட்டர், ஜெர்மானியருடையது 1435. மாற்றிப் போட்ட தண்டவாளத்தில்தான் அவர்களுடைய எஞ்சின்கள் ஓடும். ஓடும் எஞ்சின்களிலும் வெளிப்புறக் குழாய்கள் கடுங்குளிரில் உறைந்து வெடித்தன. ஆட்டத்தில் இது ஒரு பகடை வீச்சு. மூன்றுக்குக் கீழே விழுந்தால் அந்தச் சுற்றில் ரயில் வராது. அப்போது எதிரே அமர்ந்திருப்பவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த விதியால்தான் வியாஸ்மா கண்ணில் படுகிறது. சாதாரண வரைபடத்தில் அது ஒரு சிறு நகரம். ஆனால் ஸ்மோலென்ஸ்கிலிருந்து வரும் ரயில் பாதையும் மின்ஸ்க்–மாஸ்கோ நெடுஞ்சாலையும் அங்கேதான் வருகின்றன. வடக்கே ர்ஷேவுக்குப் போகும் பாதை அங்கேதான் பிரிகிறது. ஜெர்மானியரின் 9ஆம் படையும் 4ஆம் பான்சர் (டாங்கி) படையும் 4ஆம் படையும் பெரும்பாலும் இந்த ஒரு முடிச்சை நம்பித்தான் உண்டன, சுட்டன. மாஸ்கோவை எட்டிப் பிடிக்க நீட்டிய கையின் மணிக்கட்டு அது. சோவியத் தலைமைக்கும் இது தெரிந்தே இருந்தது. 1942 ஜனவரி 7 உத்தரவின் குறியே வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்து வியாஸ்மா பகுதியில் கைகோப்பதுதான்.

கைகோக்க முடியவில்லை. எஃப்ரேமோவின் 33ஆம் படை நகரத்தை நெருங்கியது. பெலோவின் குதிரைப்படை தெற்கிலிருந்து வார்சா நெடுஞ்சாலையைத் தாண்டி வந்தது. ஜனவரி இறுதியில் வான்குடைப் படையினரும் இறக்கப்பட்டனர். பிப்ரவரி தொடக்கத்தில் ஜெர்மானியர் 33ஆம் படையின் முதுகுப்புறம் இருந்த வாயிலை அடைத்துவிட்டார்கள். வளைக்கப் போனவர்கள் வளைக்கப்பட்டார்கள். ஏப்ரலில், சரணடையாமல், எஃப்ரேமோவ் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

இதைப் பலகையில் மாற்ற முடிகிறது என்பதே ஆட்டத்தின் கவர்ச்சி. மாற்றும் இடம் போர்க்களம் அல்ல, கிரெம்ளினின் மேசை. ஜனவரி 5 அன்று நடந்த கூட்டத்தில், லெனின்கிராடு முதல் கருங்கடல் வரை எல்லா முனைகளிலும் ஒரே நேரத்தில் தாக்க வேண்டும் என்றார் ஸ்டாலின். மேற்கு முனையில் குவியுங்கள், மற்ற இடங்களில் தாக்கப் போதிய பலம் இல்லை என்றார் ஷூகோவ். பொருளாதாரப் பொறுப்பிலிருந்த வொஸ்னெசென்ஸ்கியும் அதே பக்கம் பேசினார். முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அதே மாதம், மேற்கு முனை முன்னேறிக்கொண்டிருந்தபோதே, 1ஆம் அதிர்ச்சிப் படையை அதனிடமிருந்து பிடுங்கி வடமேற்கு முனைக்கு அனுப்பினார்கள். ஷூகோவ் மறுப்புத் தெரிவித்தும் பயனில்லை.

ஆட்டத்தில் இதற்கென்று ஒரு விருப்ப விதி இருக்கிறது. அதை வைத்து விளையாடினால் சோவியத் ஆட்டக்காரர் ஒவ்வொரு முனையிலும் தாக்கியே தீர வேண்டும். எடுத்துவிட்டால் விரும்பிய இடத்தில் குவிக்கலாம். விதியோடு விளையாடியபோதெல்லாம் கதை ஏறக்குறைய வரலாற்றின் வழியிலேயே முடிந்தது. விதியை எடுத்துவிட்டு, 1ஆம் அதிர்ச்சிப் படையையும் விட்டுக்கொடுக்காமல், குண்டுகள் முழுவதையும் தென்கிழக்கே உள்ள யூஹ்னோவ் நகரிலிருந்து வியாஸ்மா வரையிலான கோட்டில் கொட்டினால் பிப்ரவரி நடுவில் வளையம் மூடிவிடுகிறது. எப்போதும் அல்ல, பெரும்பாலும்.

அதற்குப் பிறகுதான் ஆட்டம் சுவையாகிறது. வளையத்தை மூடுவது வேறு, அதை மூடியே வைத்திருப்பது வேறு. சோவியத் காய்களின் பின்பக்கத்தைத் திருப்பினால் எண்கள் பரிதாபமாக இருக்கின்றன: டிவிஷன் என்று பெயர், உள்ளே சில ஆயிரம் பேர். பெரிய இயந்திரப் படைப்பிரிவுகள் 1941 ஜூலையிலேயே கலைக்கப்பட்டுவிட்டன. இந்தக் குளிர்காலத்தில் கையில் இருப்பவை டாங்கி பிரிகேடுகளும் குதிரைகளும் பனிச்சறுக்குப் பட்டாளங்களும்தான். பீரங்கிக் குண்டுகளோ ஒரு பீரங்கிக்கு நாளைக்கு ஒன்றிரண்டு. ஸ்டாலின்கிராடில் 1942 நவம்பர் 19 அன்று தொடங்கிய தாக்குதல் நான்கே நாட்களில் அருகிலுள்ள கலாச் நகரப் பக்கம் வளையத்தை மூடி, அதைப் பூட்டியும் வைத்தது என்றால், அதற்கிடையே டாங்கிக் கோர்களும் இயந்திரக் கோர்களும் (பிரிகேடுகளைவிடப் பெரிய படைப்பிரிவுகள்) உருவாகியிருந்தன. பதினோரு மாத இடைவெளியில் இருக்கும் வித்தியாசம் அதுதான். இரண்டு இடத்திலும் பனி ஒன்றே. ரஷ்யக் குளிர்தான் ஜெர்மானியரை வென்றது என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்களை இந்தப் பலகையின் சோவியத் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். அந்தக் குளிரிலேயே தாக்குகிறவர்களின் வான்குடைப் படையினர் சிதறி இறங்குகிறார்கள், குதிரைகள் தீவனமின்றி விழுகின்றன.

என் அக்காள் மகன் வழக்கமாக ஜெர்மானியப் பக்கம் ஆடுவான். வளையம் மூடியதும் கலங்காமல், "மாமா, விமானத்தில் சோறு போட்டுக்கொள்கிறேன்" என்பான். ஆட்டத்தின் மிகப் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. வான்வழி வழங்கல் விதி, அதே 1942இல் ஜெர்மானியர் வளைக்கப்பட்ட தெம்யான்ஸ்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அங்கே சிக்கியவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை விமானங்களே அவர்களைக் காத்தன. அதற்கே யூங்கர்ஸ் 52 சரக்கு விமானங்கள் பெருமளவில் தேவைப்பட்டன. வியாஸ்மாவில் சிக்கினால் அவர்கள் அதைப் போலப் பல மடங்கு. அத்தனை பேருக்கு வானிலிருந்து ரொட்டியும் குண்டும் போட ஜெர்மனியிடம் விமானங்கள் இல்லை. விதியோ சிக்கிய படையின் அளவைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நாங்கள் வான்வழங்கல் புள்ளிகளுக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஜெர்மானியர் வளையத்துக்குள் உட்கார்ந்திருப்பதில்லை. பீரங்கிகளை விட்டுவிட்டு ஸ்மோலென்ஸ்க் பக்கம் முட்டுகிறார்கள். சோவியத் வளையம் மெலிந்தது என்பதால் ஆட்களில் கணிசமானோர் வெளியேறிவிடுகிறார்கள். எனக்கு நம்பும்படியாகத் தோன்றும் மாற்று வரலாறு இதுவே: படை அழிவதில்லை, ஆனால் கனரக ஆயுதங்களை இழக்கிறது, 1942 கோடையில் காக்கேசஸ் நோக்கி ஹிட்லர் புறப்படுவதற்கு முன் அந்த ஓட்டையை அடைக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு குறை, பின்வாங்காதே என்ற ஹிட்லரின் டிசம்பர் உத்தரவு. ஆட்டத்தில் அது ஒரு காய். அதை வைத்தால் ஜெர்மானியக் காய்களின் தற்காப்பு கூடும். அவ்வளவு சுலபமா? அந்த உத்தரவு படையைக் காப்பாற்றியதா, வீணாகக் கொன்றதா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் மோதிக்கொள்கிறார்கள். அதை மீறிப் பின்வாங்கிய தளபதிகள் குடேரியனும் ஹெப்னரும் பதவி இழந்தார்கள். தளபதியின் தலை உருளும் அபாயம் எதுவும் பலகையில் இல்லை. அதுபோலவே லெனின்கிராடு பக்கம் உள்ள வோல்ஹோவிலிருந்து ஒரு படையை மாஸ்கோ பக்கம் கொண்டுவர இரண்டே சுற்று போதும் என்கிறது விதி. ரயில் பெட்டிகள் வானத்திலிருந்து விழுகின்றன போலும். ஸ்டாலினோடு வாதிடவும் வேண்டியதில்லை, ஒரு விதியை நீக்கினால் போதும்.

பின்வாங்கும் வழியில் கொளுத்தப்பட்ட கிராமங்களின் மக்களுக்கும் இதில் காய் கிடையாது. இந்த வகை ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் உள்ள நோய் அது.

வாங்க நினைப்பவர்களுக்கு: முழு ஆட்டம் ஒரு வார இறுதியை விழுங்கும், பலகையைக் கலைக்காமல் வைத்திருக்க ஒரு மேசையும் வேண்டும். தனியாகவும் ஆடலாம், ஆனால் வளையம் எங்கே மூடும் என்று இரு பக்கமும் அறிந்த ஒரே ஆள் நீங்கள் என்பதால் விறுவிறுப்பு குறையும். முதலில் ஜனவரி 8இல் தொடங்கும் சிறிய களத்தை எடுங்கள், விருப்ப விதியோடு. வான்வழங்கலுக்கு எங்களைப் போல உச்சவரம்பு வையுங்கள். குதிரைப்படை விதியில் சண்டை வரும். ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.