பழைய பிறேமைப் புதுப்பிப்பதா, புதுச் சைக்கிள் வாங்குவதா?

அப்பாவின் றலி (Raleigh) என்ற ஆங்கிலச் சைக்கிளில் கடைசியாக மிஞ்சியிருந்தவை பிறேமும் முன் போர்க்கும் துருவேறிய கரியரும் மட்டுமே. 1996இல் கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்து வன்னிக்கு வந்த வண்டி அது. 2008இன் கடைசியில் போரால் ஒட்டுசுட்டானை விட்டு வெளிக்கிட்டபோது வேறு வண்டிகளில் சாமான் ஏற்றினோம்; இது மாட்டுக்கொட்டிலில் நின்றுவிட்டது. மீளக் குடியமர வந்தபோது சரிந்த கூரைத் தகரத்தின் கீழே சில்லுகள் இல்லாமல் கிடந்தது. அதன் பிறகு பன்னிரண்டு வருடங்கள் அது வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்ற நிலை வந்து, அதற்கும் வரிசையில் நிற்க வேண்டியிருந்த காலத்தில்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சைக்கிள் மறுபடி நினைவுக்கு வந்தது. புது வண்டியின் விலையும் அப்போது ஏறிவிட்டிருந்தது. சாதாரண கறுப்பு வண்டிக்கே 40,000 ரூபாவுக்கு மேல் கேட்டார்கள்.

நான் பழைய பிறேமைப் புதுப்பிக்கும் பக்கம் போனேன், மூன்று மாரி கடந்தும் அதே பக்கமே நிற்கிறேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் எல்லாப் பழைய பிறேமுக்கும் காசு போடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. என்னுடையதைப் போன்ற றலி பிறேமை வெளியில் தேடி வாங்க வேண்டாம் என்றுகூடச் சொல்வேன். காரணம் பின்னால் வருகிறது.

முதலில் கியர் வண்டியைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்பது அதைத்தான். முன்னுக்கு மூன்று, பின்னுக்கு ஏழு என்று 21 கியர், சுருள்வில் வைத்த முன் போர்க், அகன்ற ரயர். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் முத்தையன்கட்டுப் பக்கம் ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை, குளக்கட்டைத் தவிர. சோளகக் காற்றுக்கு எதிரே மிதிக்கும் மாதங்களில் கியரின் அருமை தெரியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற நாட்களில் அந்த 21இல் இரண்டோ மூன்றோதான் பயன்படும். பின் சில்லோடு தொங்கும் கியர் மாற்றியின் கொழுக்கி ஒரு தடவை வேலிக் கட்டையில் இடித்து வளைந்தால், அதை நேராக்கத் தெரிந்தவரைத் தேடிக் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போக வேண்டும். பெடல் தண்டைக் கழற்றுவதற்கே தனிக் கருவி தேவை. எங்கள் சந்தியில் சைக்கிள் திருத்துகிற அண்ணையிடம் அந்தக் கருவி இல்லை. 50 கிலோ யூரியா மூட்டையைக் கட்டக்கூடிய கரியரும் அந்த வண்டிகளில் இல்லை; பிறகு பூட்டிய கரியர் எத்தனை நாள் தாங்கும் என்பதை நான் பரீட்சித்துப் பார்க்கவில்லை.

உண்மையான போட்டி புதுக் கறுப்பு வண்டியோடுதான். உள்ளூர் லுமாலா, இந்தியாவிலிருந்து வரும் ஹீரோ போன்ற சாதாரண வண்டிகளைத்தான் சொல்கிறேன். இவற்றுக்கு ஒரு பெரிய அனுகூலம் உண்டு: பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. மீள்குடியேறியவர்களுக்காக இந்திய அரசு வழங்கிய சைக்கிள்கள் 2012 அளவில் வடக்கின் கிராமங்களுக்கு வந்தன. அந்த அளவுப் பாகங்கள் இன்றும் சந்திக் கடைகளின் கம்பிகளில் தொங்குகின்றன. இன்று காசு கொடுத்தால் இன்றே ஏறி ஓடலாம் என்பதும் சிறிய விடயமல்ல. என் வண்டி ஓடத் தொடங்க ஏழு கிழமைகள் எடுத்தன. அந்த ஏழு கிழமையும் மச்சானின் புது வண்டியைத்தான் இரவல் வாங்கி ஓடினேன். அதன் பெயரைச் சொல்லவில்லை; ஒரு வண்டியை வைத்து ஒரு பெயரைக் கெடுப்பது நியாயமல்ல. அதன் பின் சில்லில் இரண்டு கம்பிகள் முதல் மாதத்திலேயே அறுந்தன, கைபிடியின் பளபளப்பு மாரி தொடங்கியவுடன் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தது. பிறேமில் குறை சொல்ல எதுவும் தெரியவில்லை, ஆனால் ஏழு கிழமையை வைத்து ஒரு பிறேமின் ஆயுளை அளக்க முடியாது.

இனி பழைய பிறேம். அண்ணை அதைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "மாஸ்ரர், இது நெருப்புக்க கிடந்ததோ?" என்பதுதான். வன்னியில் இது வெறும் கேள்வி அல்ல. 2009க்குப் பிறகு பழைய இரும்புக்காரரிடம் போன பிறேம்களில் எத்தனையோ எரிந்த கொட்டில்களிலிருந்து வந்தவை. இந்தப் பழைய பிறேம்களின் மூட்டுகள், குழாயை உறைக்குள் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டப்பட்டவை. பெரிய நெருப்பில் கிடந்தால் அந்த ஒட்டு இளகியிருக்கலாம், குழாயும் தன் கெட்டியை இழந்திருக்கலாம். மேலே பூசிய புதுப் பெயின்ற் அதை மறைத்துவிடும். அப்படியானதைத் தான் தொடமாட்டேன் என்று அண்ணை சொன்னார். என்னுடையதில் பழைய பச்சைப் பெயின்ற் மங்கியிருந்ததே தவிர எங்கும் கருகிக் கொப்பளிக்கவில்லை. அதைச் சுரண்டிப் பார்த்த பிறகுதான் வேலைக்கு இணங்கினார்.

அடுத்து நேர் பார்த்தார். பின் சில்லு பூட்டும் இடத்தின் ஒரு பக்கத்தில் மெல்லிய நூலைக் கட்டி, அதை முன்னே கொண்டுபோய்க் கைபிடிக் குழாயைச் சுற்றி, மறுபக்கமாகத் திருப்பிக் கொண்டுவந்து இறுக்கமாகக் கட்டினார். பிறகு சீற் குழாய்க்கும் நூலுக்கும் இடையே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். என்னுடையதில் 4 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தது. தகரம் விழுந்த பாரம் செய்த வேலை. பலகை ஒன்றைக் கொடுத்துக் கையால் நெம்பியே அதை நேராக்கினார், சூடு காட்டவில்லை. பழைய இரும்புக் குழாய் இதற்கு இடம் கொடுக்கும், அலுமினியம் கொடுக்காது.

இப்போது, என்னைக் கேட்டால் முழு முடிவும் தங்கியிருக்கிற இடத்துக்கு வருகிறேன். அது பெயின்றோ சில்லோ அல்ல. பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சும், பிறேமின் அடியில் அந்த அச்சைத் தாங்கும் இரண்டு கப்புகளும்தான். சில்லு, செயின், பிறேக், சீற் எல்லாம் எந்தப் பிறேமுக்கும் புதிதாக வாங்கிப் பூட்டக்கூடியவை. கப்புகள் பிறேமின் உள்ளே வெட்டப்பட்ட புரியில் ஏறுபவை. அந்தப் புரி தேய்ந்திருந்தாலோ, அதற்குப் பொருந்தும் கப் கிடைக்காவிட்டாலோ, பிறேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது பழைய இரும்புதான். மாரியில் பிறேமுக்குள் இறங்கும் தண்ணீர் கடைசியில் தேங்குவதும் அந்த இடத்தில்தான்.

இதில்தான் றலியின் சிக்கல் இருக்கிறது. ஆங்கிலச் சைக்கிள்களின் பொது அளவில் இந்தப் புரி ஓர் அங்குலத்துக்கு 24 சுற்று. நொட்டிங்காமில் றலி தன் வண்டிகளுக்கு வெட்டியதோ 26. ஹம்பர், ரட்ஜ் என்ற மற்ற ஆங்கிலச் சைக்கிள் பெயர்களும் 1932இலும் 1943இலும் றலியின் கைக்குப் போனதால், பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் பல பழைய வண்டிகளில் இதே 26தான் இருக்கும். இரண்டின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால் 24 கப்பை 26 புரியில் வைத்துச் சாவியால் நெருக்கினால் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு புரியை அரைத்துவிடும். அந்த இடத்தில் பிறேமின் கதை முடிந்தது. கடைக்காரர் "இறுக்கமாத்தான் போகும்" என்று சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுவது நல்லது.

எங்கள் வண்டியில் பெடல் தண்டுகளை நடு அச்சோடு இறுக்கும் கொட்டர் ஆணிகள் இரண்டும் துருவில் இறுகியிருந்தன. இரண்டு இரவுகள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஆணியின் முனை நசுங்காதபடி நட்டை அதன் மேல் விட்டுவைத்து, தண்டின் கீழே இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துத் தட்டிய பிறகே ஓர் ஆணி அசைந்தது. மற்றதைத் துளைத்துத்தான் எடுத்தோம். வலப்பக்கக் கப்பைக் கழற்றும்போது இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்: அது இடப்புரி, வழக்கமான திசையில் சுழற்றினால் இன்னும் இறுகும். தெரியாத ஒருவர் அதை முழுப் பலத்தோடு சுழற்றிக் கெடுத்ததைக் கண்டிருக்கிறேன். உள்ளே இருந்து வந்தது கறுத்து இறுகிய கிறீஸும் அச்சு உருள்வதற்கான, தேய்ந்து முட்டை வடிவமான இரும்புக் குண்டுகளும். வலக் கப்பின் ஓடுபாதை கண்ணாடிபோல் இருந்தது. இடக் கப்பில் சிறு குழிகள். அந்த ஒரு கப்புக்காக மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று அலைந்து, கடைசியில் ஒரு பழைய இரும்புக்காரரின் குவியலில் வளைந்துபோன றலி பிறேம் ஒன்றைக் கண்டு, அதைக் கிலோக் கணக்கில் வாங்கி, அதிலிருந்த இரண்டு கப்புகளையும் கழற்றினேன். ஏழு கிழமையில் நான்கு கிழமை இதற்கே போனது. பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய ஹீரோ பிறேமைப் பிரித்தபோது சந்திக் கடைக் கப் நேராக ஏறியது, அரை நாளில் வேலை முடிந்தது.

அலைச்சல் முடிந்த பிறகு கிடைப்பதைச் சொன்னால்தான் நான் ஏன் இன்னும் இந்தப் பக்கம் நிற்கிறேன் என்பது விளங்கும். இந்த நடு அச்சில் கால் அங்குலக் குண்டுகள் பக்கத்துக்கு 11. பின் சில்லில் அதே அளவில் பக்கத்துக்கு 9. இவை எந்தச் சந்தியிலும் கிடைக்கும். மாரி முடிந்ததும் ஒரு பின்னேரம் ஒதுக்கி, சாவியும் சுத்தியலும் ஒரு போத்தல் மண்ணெண்ணெயும் இருந்தால் முழுவதையும் பிரித்துக் கழுவி, புதுக் குண்டும் கிறீஸும் போட்டு மூடிவிடலாம். இரண்டாம் மாரிக்குப் பின் இந்த வேலையை நானே செய்தேன், அண்ணை கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிறவல் தூசியும் சேறும் மாறி மாறி அடிக்கிற எங்கள் வீதிகளில், வண்டி உழைப்பதும் படுப்பதும் இந்தப் பராமரிப்பில்தான் இருக்கிறது. புதுக் கறுப்பு வண்டியிலும் இதே வேலையைச் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் புதிது என்ற நம்பிக்கையில் ஒருவரும் முதல் வருடம் திறந்து பார்ப்பதில்லை. மச்சானுடையதைத் திறந்தபோது கிறீஸ் இருந்த இடம் தெரியவில்லை.

ரயரில் நான் விட்ட பிழையையும் சொல்லிவிட வேண்டும். நகரத்துக் கடையொன்றில் 28 என்று கேட்டேன், 28 என்று எழுதியதையே தந்தார்கள், வீட்டில் வந்து போட்டால் வளையத்தில் ஏற மறுத்தது. பழைய கறுப்பு வண்டிக்கு வேண்டியது 28க்கு ஒன்றரை. ரயரின் பக்கத்தில் அதன் உள்விட்டம் மில்லிமீற்றரில் 635 என்று இருக்கும். எனக்குக் கிடைத்தது 622, அதையும் 28 என்றே அழைக்கிறார்கள். 13 மில்லிமீற்றர் வித்தியாசத்தை எந்த நெம்புகோலாலும் சமாளிக்க முடியாது. ஆகவே அந்த மூன்று இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். பழைய ஆங்கில வண்டியில் முன் சில்லுக்கு 32 கம்பியும் பின் சில்லுக்கு 40 கம்பியும் இருக்கும். பாரம் ஏற்றுபவர்கள் அந்த 40ஐ விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பெயின்றைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அரத்தாளைத் தண்ணீரில் நனைத்தே தேய்த்தேன், தூசி பறக்க விடவில்லை. துருத்தடுப்புப் பூச்சு ஒரு முறை, கறுப்பு எனாமல் இரண்டு முறை. தூரிகையின் தடம் தெரிகிறது, தெரியட்டும்.

எல்லாம் சேர்த்து எனக்கு 26,500 ரூபா முடிந்தது. அதில் பெரும்பங்கு சில்லுகளுக்கும் ரயர், ரியூப்புகளுக்கும். என்னுடைய நாட்கூலியைக் கணக்கில் சேர்த்தால் புது வண்டியின் விலையைத் தொட்டுவிடும். திருப்பி விற்றால் என் வண்டிக்கு அந்தப் பணம் வராது, புது வண்டிக்கும் பாதிதான் வரும். பழையதன் உண்மையான குறை பிறேக்கில் இருக்கிறது. கம்பி பிறேக்கின் கட்டை இரும்பு வளையத்தை உரசித்தான் நிற்பாட்டும், வளையம் நனைந்தால் வழுக்கும். மழை நாளில் ஏ9 வீதியில் பேருந்துகளோடு ஓட வேண்டியவருக்கு, பிறேக் நன்றாகப் பிடிக்கும் புது வண்டியைத்தான் சொல்வேன். அடுத்த கிழமையே வேலைக்குப் போக வண்டி தேவைப்படுபவருக்கும், திருத்துவதற்கு அயலில் ஆள் இல்லாதவருக்கும் அதையே சொல்வேன். வீட்டில் நேரான, எரியாத, கப் நல்ல நிலையில் உள்ள பிறேம் தொங்குகிறதென்றால் மட்டும் கடைக்குப் போகுமுன் அதைக் கழற்றிப் பாருங்கள். வெளியில் பிறேம் வாங்குவதானால் றலியை விட்டுவிட்டுப் பழைய இந்திய வண்டியைப் பாருங்கள், கடைக் கப் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் புரியில் கையாலேயே சுழற்றிப் பார்த்த பின் விலை பேசுங்கள்.

வளைந்த பிறேமிலிருந்து எடுத்த மற்றக் கப், கிறீஸ் பூசிப் பழைய துணியில் சுற்றி, பால்மா ரின்னுக்குள் இருக்கிறது. இப்போது பூட்டியிருக்கும் வலக் கப் தேய்ந்தால் அதைப் போடுவேன். அதுவும் தேய்ந்தால் மறுபடி இரும்புக்காரரின் குவியலுக்குத்தான் போக வேண்டும்.