மியூனிக்கில் மாணவர் வாழ்க்கை: விடுதி அறையா, பகிர்வு வீடா?

மியூனிக் நகரில் முதுகலை படிக்க இடம் கிடைத்தவருக்கு, அந்த மகிழ்ச்சி அடங்கும் முன்பே வந்து நிற்கும் கேள்வி, எங்கே தங்குவது என்பதுதான். வழிகள் இரண்டு. ஒன்று, ஸ்டுடியரெண்டன்வெர்க் என்னும் மாணவர் நல அமைப்பு நடத்தும் விடுதியில் ஓர் அறை. மற்றொன்று, அங்கே எல்லோரும் ‘வேகே’ என்று சுருக்கிச் சொல்லும் பகிர்வு வீட்டில், முன்பின் அறியாத இருவர் மூவருடன் சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொண்டு வாழ்வது. பெரும்பாலோர் வாடகையை மட்டும் வைத்து இரண்டையும் எடைபோடுகிறார்கள். விடுதி நிர்வாகம் நமக்காகச் சத்தமின்றிச் செய்துவிடும் வேலைகள் எவை, பகிர்வு வீட்டில் அவற்றுள் எவை நம் பொறுப்பாகின்றன என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே சரியான கணக்கு என்பது என் கருத்து.

முதலில் பணம். மாணவர் விசாவுக்காக முடக்கக் கணக்கில் வைக்கும் தொகையிலிருந்து, 2024 செப்டம்பர் முதல் மாதம் 992 யூரோ எடுக்கலாம் என்பது விதி. விடுதி அறை வெப்பமூட்டல், தண்ணீர், மின்சாரம், இணையம் எல்லாம் அடங்கப் பெரும்பாலும் 300 முதல் 450 யூரோவுக்குள் முடிந்துவிடும். பகிர்வு வீட்டு அறைக்கோ 700, 800 யூரோ கேட்பது மியூனிக்கில் சாதாரணம். 992-இல் 800 போனால் மிஞ்சும் 192 யூரோவில் பெரும்பகுதியை மருத்துவக் காப்பீடே விழுங்கிவிடும். ஆகவே பகிர்வு வீட்டைத் தேர்ந்தெடுப்பவர் பகுதிநேர வேலையையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழுநாள் அல்லது 280 அரைநாள் வேலை செய்யச் சட்டம் இடமளிக்கிறது என்றாலும், முதல் செமஸ்டரிலேயே அந்த வேலை கிடைக்கும் என்று நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது விவேகமன்று. வாடகை குறைவு என்ற இந்த ஒரு காரணத்துக்காகவே விடுதிகளின் காத்திருப்போர் பட்டியல் பல செமஸ்டர்கள் நீள்கிறது. 1972 ஒலிம்பிக்கின்போது வீராங்கனைகள் தங்கிய கிராமத்தின் இடத்தில் இன்று வரிசையாக நிற்கும், குடியிருப்பவர் தம் விருப்பப்படி சுவரில் வண்ணம் தீட்டிக்கொள்ளும் சிறிய மாணவர் வீடுகளுக்கு உள்ள போட்டியைச் சொல்லவே வேண்டாம்.

வாடகையில் தோற்கும் பகிர்வு வீடு ஒரு சின்ன இடத்தில் வெல்கிறது. தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஜெர்மனியில் ஒவ்வொரு குடியிருப்பும் ஒலிபரப்புக் கட்டணம் செலுத்தியாக வேண்டும்; 2021 ஆகஸ்டில் அது மாதம் 18.36 யூரோவாக உயர்த்தப்பட்டது. பகிர்வு வீடு முழுவதும் ஒரே குடியிருப்பு என்பதால் மூவர் இருந்தால் ஆளுக்கு 6.12 யூரோ போதும். பொது நடைவழியில் கதவு திறக்கும் விடுதி அறையோ ஒவ்வொன்றும் தனிக் குடியிருப்பாகக் கணக்கிடப்படுவதால், அங்கே ஒவ்வொருவரும் முழுத் தொகையையும் கட்ட வேண்டும். இதைக் கட்டச் சொல்லும் கடிதம் வந்து சேரும்போது திகைக்காத புது மாணவர் அரிது.

காகித வேலைகளில் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பெரியது. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவுசெய்ய வேண்டும். அதற்கு வீடு கொடுத்தவரின் எழுத்துபூர்வ உறுதிச் சான்று தேவை. வரி எண், வங்கிக் கணக்கு, குடியிருப்பு அனுமதி எல்லாம் இந்தப் பதிவைத் தொட்டே நகர்கின்றன. விடுதி அலுவலகம் அந்தச் சான்றைக் கேட்காமலே தந்துவிடும். பகிர்வு வீட்டிலோ, முதன்மை வாடகைதாரர் உரிமையாளரின் ஒப்புதல் பெறாமல் உள்வாடகைக்கு விட்டிருந்தால், ‘பதிவு மட்டும் செய்ய முடியாது’ என்று நயமாகச் சொல்லிவிடுவார். அத்தகைய அறை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருக்கிறதா என்பதும் அற்ப விஷயமன்று. பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும், வரி எண்ணோ கடிதத்தில்தான் வருகிறது.

முன்பணம் அடிப்படை வாடகையின் மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றும், அதை மூன்று தவணைகளில் கட்டலாம் என்றும் சட்டம் சொல்கிறது. அதே சட்டம், ஆண்டுக்கான வெப்பமூட்டல் முதலிய செலவுக் கணக்கை அனுப்ப, கணக்காண்டு முடிந்தபின் மேலும் 12 மாதம் உரிமையாளருக்கு அவகாசம் தருகிறது. எனவே வீட்டைக் காலி செய்து வேறு நகருக்குப் போனபின்னும் பழைய குளிர்காலத்தின் பாக்கி துரத்திக்கொண்டு வரலாம். அதற்காக முன்பணத்தில் ஒரு பகுதி நிறுத்திவைக்கப்படுவதும் வழக்கமே. எல்லாம் அடங்கிய வாடகை வாங்கும் விடுதியில் இந்தத் தலைவலி இல்லை.

சமையல் விஷயத்தில் நம்மவர் விடுதியையே வசதி என்று எண்ணுவார்கள். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஒரு தளத்துக்கே பொதுவான சமையலறையில் மிளகாய் வதக்கினால் யாரும் பெயர் சொல்லிக் குறைகூறப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் புகையுணர் கருவி அப்படி விடாது, குளிர்பெட்டியில் வைத்த மாவுப் பாத்திரத்துக்கும் உத்தரவாதம் இல்லை. பகிர்வு வீட்டில் மணத்தைப் பற்றி முதலிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். சாம்பார் பிடித்துப்போனால் கூட்டாளிகளே கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். மின்னழுத்தம் இரு நாட்டிலும் 230 வோல்ட் என்பதால் ஊரிலிருந்து கொண்டுவரும் மிக்ஸிக்குப் பிளக் மாற்றி மட்டும் போதும். அலுமினியக் குக்கரோ இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. மிக்ஸியை எப்போது ஓட்டுவது என்பதுதான் கேள்வி. இரவு 10 மணிக்குமேலும் ஞாயிறு முழுவதும் சத்தம் கூடாது என்பது அங்கே அண்டை வீட்டார் கண்டிப்பாகக் காக்கும் ஒழுங்கு. சனிக்கிழமை பகலிலேயே அரைத்து, ரேடியேட்டர் பக்கத்தில் வைத்துப் புளிக்கவிட்டால் ஞாயிறு காலை இட்லி உண்டு. சாமான் வாங்குவதற்கும் அதே கணக்கு: பவேரியாவில் கடைகள் வாரநாட்களில் இரவு 8 மணிக்கே மூடப்படும், ஞாயிற்றுக்கிழமையில் ரயில் நிலையக் கடைகள் போன்ற சில மட்டுமே திறந்திருக்கும்.

நகரத்தின் வீட்டுப் பழக்கங்களைக் கற்பதில் பகிர்வு வீட்டுக்கு இணையில்லை. குளிர்காலத்திலும் நாளுக்குச் சில முறை சன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் காற்றோட்டம் விடாவிட்டால், சோறு வடித்த ஆவியும் உள்ளே காயப்போட்ட துணியின் ஈரமும் சுவரில் பூஞ்சையாகப் படியும். அதைச் சரிசெய்யும் செலவு வாடகைதாரர்மீது சுமத்தப்படலாம். காகிதத்துக்கு நீலத் தொட்டி, உணவுக் கழிவுக்குப் பழுப்புத் தொட்டி. பிளாஸ்டிக் உறைகளையும் கண்ணாடியையும் மியூனிக்கின் பெரும்பாலான பகுதிகளில் தெருமுனைச் சேகரிப்பிடத்துக்கு நாமே சுமந்து சென்று போட வேண்டும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் புட்டிக்குக் கடையில் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும் என்பதை மட்டும் எந்த மாணவருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. துப்புரவு முறைப்பட்டியல் சமையலறைச் சுவரில் தொங்கும் வீட்டில் இவற்றையெல்லாம் ஒரு மாதத்தில் கற்றுவிடலாம், ஜெர்மன் மொழியோடு சேர்த்து. விடுதியில் இரண்டு ஆண்டு கழித்தும் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளுபவர்கள் உண்டு.

எனவே விடுதி கிடைத்தால் முதல் ஆண்டு அங்கே இருந்து, வேலையும் ஓரளவு மொழியும் கைவந்தபின் பகிர்வு வீட்டுக்கு மாறுவதே நல்லது. படிப்பு முடித்து ஊர் திரும்பும் எண்ணமுள்ளவர் மாறாமலே இருக்கலாம். விடுதி கிடைக்காதவருக்கு, விடுமுறைக்கோ பயிற்சிக்கோ வெளியூர் செல்லும் மாணவர்கள் சில மாதங்களுக்கு விட்டுச்செல்லும் இடைக்கால அறை இருக்கிறது. அதைக் கேட்கும் முதல் மடலிலேயே முகவரிப் பதிவுக்குச் சான்று தருவார்களா என்று கேட்டுவிட வேண்டும். அறையை நேரிலோ காணொளி அழைப்பிலோ காட்டாமல், தாம் வெளிநாட்டில் இருப்பதாகவும் முன்பணம் வந்தால் சாவியை அஞ்சலில் அனுப்புவதாகவும் எழுதுபவருக்குப் பதில் போடவும் தேவையில்லை.