‘ஷேவ் செய்யத் தயார்’ என்று வந்த ஐந்து பழைய சவரக்கத்திகள்

ஐந்து பழைய மடக்குச் சவரக்கத்திகளை ஒரே கட்டாக இணையத்தில் வாங்கினேன். கேட்டதும் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார் என்பதால் விற்றவர் பெயர் வேண்டாம். ஆனால் அவர் விளம்பரத்தில் போட்டிருந்தது இந்த வியாபாரத்தில் பாதிப் பேர் போடுகிற அதே வரிகள்தான்: “கண்ணாடி பாலிஷ், தந்தக் கைப்பிடி, 1850களின் ஷெஃபீல்டு, ஷேவ் செய்யத் தயார்.” (ஷெஃபீல்டு இங்கிலாந்தில் கத்திக்குப் பேர்போன ஊர்.) என் கணக்கில் ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், அந்த இரண்டும் ஒரே ஒரு கத்திக்காக.

நான் மயங்கியது முதல் கத்தியைப் பார்த்து. 7/8 அங்குல அகலம், ஆப்பு மாதிரி கனத்த ஷெஃபீல்டு அலகு. முகம் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு, சரி. கழுத்தில் இருக்கும் முத்திரையைப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. எழுத்துகளின் ஓரமெல்லாம் பாதி கரைந்த சோப்பில் பதித்தது போல மழுங்கிக் கிடக்கின்றன. மனுஷன் சக்கரத்தில் வைத்துத் துருவோடு சேர்த்து எஃகையும் தேய்த்திருக்கிறார். அலகின் முகத்தில் ஒரு காலத்தில் ஏதோ அலங்கார எழுத்து இருந்திருக்கிறது, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் நிழல் மாதிரி தெரிகிறது. அந்த எழுத்தும் அதன் மேல் பொன் பூச்சும் மிச்சம் இருந்தால்தானே சேகரிப்பவன் கூடுதலாகக் காசு கொடுப்பான்! இதைவிட மோசம், முனையில் லேசாக ஒரு நீலச் சாயல். எஃகு கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால்தான் அந்த நீலம் வரும், அதற்கு வெகு முன்பே சவரக்கத்தியின் பதம் இறங்கிவிடும். கல்லில் தீட்டிப் பார்த்தேன், முனையிலிருந்து அரை அங்குலத்துக்குக் கூர் நிற்கவே இல்லை. துருவை அப்படியே விட்டுத் தொலைத்திருக்கலாம்.

1850 கதையும் நிற்கவில்லை. ஷெஃபீல்டு என்ற ஊர்ப் பெயருக்குக் கீழே ‘இங்கிலாந்து’ என்றும் பொறித்திருக்கிறது. அமெரிக்காவுக்கு வரும் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்பதை 1890இன் மெக்கின்லி சுங்கச் சட்டம்தான் கட்டாயமாக்கியது, அதனால் நாட்டுப் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய கத்தி. பெயர் இல்லை என்பதற்காக முந்தையது என்று சொல்லிவிடவும் முடியாது, உள்நாட்டில் விற்ற கத்திக்கு அது தேவையே இல்லையே. இன்னொரு கூத்தும் உண்டு. ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன சோலிங்கன் ஊரில், ஹெங்கல்ஸ் என்ற கத்தி செய்யும் குடும்பம் இரட்டையர் முத்திரையைப் பதிவு செய்தது 1731இல். அதைப் படித்துவிட்டு, கத்தியே 1731 என்று விற்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கடை திறந்த வருஷமும் சரக்கு செய்த வருஷமும் ஒன்றா?

அப்புறம் இரண்டாவது கத்தியின் அந்தத் ‘தந்தம்’. லென்ஸ் வைத்துப் பார்த்தால் கோடு போட்ட நோட்டு மாதிரி நேர்நேராக, சம இடைவெளியில் வரிகள். யானைத் தந்தத்தில் இவ்வளவு ஒழுங்காக ஓடாது, குறுக்கு வெட்டில் பார்த்தால் ஒன்றையொன்று வெட்டும் கோடுகள் தெரியும். இது செல்லுலாய்டு. ஏமாற்றம் என்று சொல்ல மாட்டேன், நிம்மதிதான், ஏனென்றால் நாடு விட்டு நாடு தந்த வியாபாரத்துக்கு 1989இல் தடை முடிவானது, நிஜத் தந்தமாக இருந்திருந்தால் பார்சலே கைக்கு வந்திருக்காது. ஆனால் முகர்ந்து பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. செல்லுலாய்டில் சூட வாசனை வந்தால் பயமில்லை, அது சூடம் சேர்த்துச் செய்த பொருள்தான். இதில் வந்தது மூக்கைக் குத்தும் புளித்த வாடை. கத்தியை விரித்தேன், கைப்பிடிக்குள் மடிந்து கிடக்கும் பகுதியில் மட்டும் புதுத் துரு. செல்லுலாய்டு கெட்டுப்போகும்போது அமில ஆவியைக் கக்கும், பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் சேர்த்துத் தின்னும். இவர் என்ன செய்திருக்கிறார் என்றால், ஐந்தையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் காற்றுப் போகாமல் சுற்றி அனுப்பியிருக்கிறார்! அன்று ராத்திரியே அதைத் தனியாகத் திறந்த அட்டைப் பெட்டியில் வேறு அறைக்கு மாற்றினேன்.

மூன்றாவது மெல்லிசாக உட்குழிவாய்ச் சாணை பிடித்த அலகு, இந்த வகையை நகத்தால் சுண்டினால் கிண்ணென்று பாட வேண்டும். டொக்கென்றது. லென்ஸில் பார்த்தால் வாயிலிருந்து, அதாவது வெட்டும் ஓரத்திலிருந்து, மேல்நோக்கி முடி போல ஒரு விரிசல். அவ்வளவுதான், அது கத்தி இல்லை, இரும்புத் துண்டு. (கனத்த ஆப்பு அலகு எப்படியும் பாடாது, அதைச் சுண்டிப் பார்த்துவிட்டுப் பழி சொல்லாதீர்கள்.) நாலாவது முதுகு ஒரு பக்கமாகத் தேய்ந்த 4/8, தீட்டிப் பழக ஆகும்.

ஐந்தாவதுதான் மிச்சப் பணத்தை நியாயப்படுத்தியது. 5/8 சோலிங்கன், கொம்புக் கைப்பிடி, அதிலும் பூச்சி அரித்த இரண்டு பள்ளம். பாலிஷ் சக்கரம் இதன்மேல் படவே இல்லை, அலுத்துப்போய் விட்டிருப்பார், நல்ல வேளை. துருக்குழிகள் எல்லாம் முதுகுப் பக்கம், வாயோரம் ஒன்றுகூட இல்லை. இந்தக் கத்திகளில் முதுகுதான் எல்லாம். தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்தே கல்லில் படியும், கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் கனம். இதில் அகலம் 16 மில்லிமீட்டர், முதுகு நாலரை, கணக்குப் போட்டால் சுமார் 16 டிகிரி, அதாவது அசல் கோணம் பெரிதாகக் கெடவில்லை. முதுகில் தேய்ந்த பட்டை இரண்டு பக்கமும் ஒரே அகலம், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. முன்பு வைத்திருந்தவர் தீட்டத் தெரிந்தவர்.

‘ஷேவ் செய்யத் தயார்’ என்றாரே, ஐந்தில் ஒன்றுகூடக் கை முடியை வெட்டவில்லை. இதை மட்டும் 4000, 8000, 12000 என்று நுண்மை எண் கூடிக்கொண்டே போகும் சாணைக் கற்களில் ஏற்றி, தோல்வாரில் ஐம்பது தடவை இழுத்தேன். மூன்று ஷேவ் ஆகிவிட்டது. தாடைக்குக் கீழே வழக்கமாக எரியும் இடத்தில்கூடச் சரசரவென்று மெல்லிய சத்தத்தோடு போகிறது.

விற்றவர் நேற்று புதிதாக ஒரு கட்டின் படங்களை அனுப்பியிருக்கிறார், எல்லாமே பளபளவென்று முகப்புப் பக்கம் மட்டும். முதுகைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.