ஓடை டிரவுட்டுக்கு ஏழரை அடி ராடு: சில வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் ஓடும் மலை ஓடைகளில் புரூக் டிரவுட் என்ற மீனைப் பிடிக்க ஒரு லேசான ஃப்ளை ராடு (பூச்சி மாதிரி கட்டிய ஃப்ளை என்ற செயற்கை இரையை வீசும் தூண்டில் கோல்) வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்குவது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சில வருஷங்களாக நான் அதிகம் எடுத்துப் போவது ரெடிங்டன் கிளாசிக் டிரவுட் வரிசையில் ஏழரை அடி, 3ஆம் எண் (எத்தனை எடையுள்ள லைனுக்கு ஏற்றது என்பதைச் சொல்லும் எண்), நான்கு துண்டு ராடு. கூடவே ஏழடியில் ஒரு ஃபைபர்கிளாஸ் ராடும், இங்கே எல்லோரும் முதலில் வாங்கும் ஒன்பதடி 5ஆம் எண்ணும் வீட்டில் இருக்கின்றன. மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. ராடின் மேல் எந்த எண் அச்சாகியிருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். வெளியே பத்தடி லைன், அதாவது தூண்டில் கயிறு, மட்டும் இருக்கும்போது அது வளைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் பத்தடி என்பதற்கு ஓடையைப் பார்க்க வேண்டும். ராப்பிடான் ஆற்றின் மேற்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். மில் பிராங், லாரல் பிராங் என்ற இரண்டு சிற்றோடைகள் சேர்ந்து ராப்பிடான் ஆகும் இடத்தில்தான் அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் 1929இல் தன் மலை முகாமை அமைத்தார். மனிதர் தீவிரமான ஃப்ளை மீன்பிடிப்பாளர். இடம் வாஷிங்டனிலிருந்து 100 மைலுக்குள் இருக்க வேண்டும், கொசுத் தொல்லை இல்லாமல் 2,500 அடிக்கு மேல் இருக்க வேண்டும், பக்கத்தில் டிரவுட் ஓடை இருக்க வேண்டும் என்பவை அவர் போட்ட நிபந்தனைகள். பூங்காவின் மலை முகட்டுச் சாலையான ஸ்கைலைன் டிரைவில் மைலம் கேப்பில் வண்டியை நிறுத்திவிட்டுச் சுமார் இரண்டு மைல் இறங்கினால் முகாம் வந்துவிடும்.

அங்கிருந்து கீழே ஓடை படிப்படியாக இறங்குகிறது. ஒரு பாறை, அதன் கீழ் சாப்பாட்டு மேசை அளவுக்கு ஒரு மடு, அடுத்த பாறை, அடுத்த மடு. தலைக்கு மேலே கிளைகள் பின்னிக்கிடக்கும். ஹெம்லாக் மரங்களில் பெரும்பகுதி அடெல்ஜிட் என்ற பூச்சியால் செத்துப் போனதால், விழுந்த மரங்கள் ஓடைக்குக் குறுக்கே கிடக்கும். தண்ணீரோ கண்ணாடி. நிமிர்ந்து நின்றால் மீன் உங்களைப் பார்த்துவிடும். ஆக, மண்டி போட்டு, பாறைக்குப் பின்னால் பதுங்கி, பதினைந்திலிருந்து இருபத்தைந்து அடிக்குள் ஃப்ளையைப் போட வேண்டும். அந்த இருபத்தைந்து அடியில் ராடு ஏழரை, லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பான லீடர் ஏழரை. மிச்சம்தான் லைன்.

ஃப்ளை மீன்பிடிப்பு பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. முள்ளில் கட்டிய இறகுக்கும் ரோமத்துக்கும் எடையே கிடையாது. அதைத் தனியாக வீசுவது எருக்கம்பஞ்சைக் கல் எறிவது போல எறியப் பார்ப்பதுதான். வீசப்படுவது உண்மையில் லைன். அதன் எடை ராடை வளைக்கிறது, வளைந்த ராடு நிமிரும்போது லைன் பறக்கிறது, ஃப்ளை பின்னாலேயே போகிறது. ராடின் எண் என்பது அதற்கேற்ற லைனின் எடை. லைனின் முதல் 30 அடியை நிறுத்துத்தான் எண் கொடுக்கிறார்கள். 3ஆம் எண் என்றால் 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம். 4ஆம் எண் 120 கிரெயின். 5ஆம் எண் 140 கிரெயின், சுமார் ஒன்பது கிராம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பது அடிக்கு ஆறரை கிராம் என்றால் பத்தடிக்கு இரண்டு கிராம் சொச்சம். லைனின் முனை மெலிந்து போவதால் அதுவும் முழுதாக இருக்காது. ஆறரை கிராமுக்கு வளையும்படி செய்த ராடை வாங்கிவிட்டு அதன் முனையில் இரண்டு கிராமைத் தொங்கவிடுகிறோம். ராடு விறைப்பான ரகம் என்றால் அசையவே அசையாது. நாமும் கோபத்தில் கையை வேகமாக ஆட்டுவோம். லைன் சுருண்டு வந்து தொப்பியில் விழும், இல்லாவிட்டால் பின்னாலிருக்கும் லாரல் புதரில் மாட்டும்.

இந்தக் கணக்கு கடையில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. கடைக்குப் பின்னாலிருக்கும் புல்வெளியில் நாற்பது ஐம்பது அடி லைனை விட்டு வீசிப் பார்க்கிறோம். அங்கே விறைப்பான ராடுதான் ஜோராக வேலை செய்யும். லைன் அம்பு மாதிரி போகும், உடனே கிரெடிட் கார்டு வெளியே வந்துவிடும். அதற்குப் பதில் இப்படிச் செய்து பாருங்கள். கடைக்காரரிடம் ஏழரை அடி லீடர் கட்டித் தரச் சொல்லுங்கள். லைனைப் பத்தடிக்கு மேல் விடாதீர்கள். புல்லில் மண்டி போட்டு, கை முட்டியை இடுப்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, மணிக்கட்டையும் முன்கையையும் மட்டும் அசைத்து வீசுங்கள். ராடு நடுப்பகுதி வரை வளைவது கையில் தெரிந்தால் அது ஓடை ராடு. முனை மட்டும் லேசாகத் தலையாட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாம், எண் எதுவாக இருந்தாலும் சரி. கடைக்குள் நின்று வெறும் ராடை ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது.

வீட்டிலேயே அளந்து பார்க்கவும் வழியிருக்கிறது. வில்லியம் ஹானமன் என்பவர் பிரபலப்படுத்திய முறை. ராடின் அடிப்பகுதியைப் படுக்கை வாட்டில் இறுக்கிப் பிடித்து, முனையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, ராடின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முனை கீழே இறங்கும்வரை அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களைப் போட்டுக்கொண்டே வர வேண்டும். 1983 முதல் வந்த சென்ட் ஒன்று இரண்டரை கிராம். நண்பர் ஒருவரின் விலை உயர்ந்த ராடையும் என்னுடையதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து இதைச் செய்தோம். இரண்டிலும் 3 என்றுதான் எழுதியிருக்கிறது. அவருடையது கேட்ட சில்லறைக்குச் சமையலறை உண்டியலையே கவிழ்க்க வேண்டியிருந்தது. எண்ணை நம்பி ஆன்லைனில் வாங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கிளாசிக் டிரவுட் எப்படி? கிராஃபைட் என்ற கார்பன் இழைதான், ஆனால் மிதமாக வளையும்படி செய்திருக்கிறார்கள். பத்தடி லைனுக்கே வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. நான் வாங்கியபோது 200 டாலருக்குள் இருந்தது. ஃபைபர்கிளாஸ் ராடு இதைவிட மெதுவானது. வளைவு பிடி வரைக்கும் இறங்கும், கை இரண்டு தடவை அவசரப்பட்டால் மூன்றாவது தடவை அதுவே நிதானத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். வீசும் சுகத்துக்கு ஃபைபர்கிளாஸ்தான். இருந்தும் கை கிராஃபைட் பக்கம் போவதற்குக் காரணம் ரோல் காஸ்ட். பின்னால் இடமே இல்லாத இடத்தில் லைனைத் தண்ணீரிலிருந்தே உருட்டி முன்னால் அனுப்ப வேண்டும். அதற்கு ராடு கொஞ்சம் சுறுசுறுப்பாக நிமிர வேண்டியிருக்கிறது. எடைக்குப் பாசிமுத்து வைத்த நிம்ஃபை (தண்ணீருக்குள் மூழ்கும் ஃப்ளை) தூக்கிப் போடவும் அதே சுறுசுறுப்புதான் உதவுகிறது. மலை முகட்டிலிருந்து காற்று இறங்கும் ஏப்ரல் மத்தியானங்களில் எந்த 3ஆம் எண்ணும் திணறத்தான் செய்யும். அதற்காக 5ஐத் தூக்கிக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. காற்று விழாத மடுவாகத் தேடிப் போகலாம்.

நீளத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் சண்டை நடக்கும். ஆறடிக்காரர்கள் கிளைகளைக் காட்டுவார்கள், ஒன்பதடிக்காரர்கள் நீரோட்டத்தைக் காட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மடுவுக்கும் உங்களுக்கும் நடுவில் வேகமாக ஓடும் தண்ணீர் இருந்தால், லைன் அதன்மேல் விழுந்த மறுநொடி ஃப்ளை இழுபடும். மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. நீளமான ராடு என்றால் கையைத் தூக்கி லைனை அந்தத் தண்ணீருக்கு மேலேயே பிடித்துக்கொள்ளலாம். ஆறடி ராடில் இது நடக்காது, ரோல் காஸ்டும் நோஞ்சானாகத்தான் வரும். ஒன்பதடியோ, மீன் மாட்டிய சந்தோஷத்தில் கையைத் தூக்கினால் நேராகக் கிளைக்குள் போகும். ஏழிலிருந்து ஏழரை என்பது என் தீர்ப்பு. ராப்பிடானின் கீழ்ப்பகுதி, ரோஸ் நதியின் அகலமான இடங்கள் மாதிரி மேலே வானம் தெரியும் ஓடைகளுக்கு எட்டடி வரை போகலாம்.

குட்டை ராடின் அருமை தெரிவது ‘வில் அம்பு’ வீச்சில். வீசவே இடமில்லாத பொந்துகளில், ஃப்ளையின் முள் வளைவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, லைனை மற்ற கையின் விரலால் பிடியோடு அழுத்தி, ஃப்ளையைப் பின்னால் இழுத்து ராடை வில்லாக வளைத்து, முனையால் குறிபார்த்து விட்டுவிட வேண்டும். முள்ளின் கூர் விரலுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் முதலில் மாட்டுவது நீங்கள்தான். மென்மையான ராடில் இது பதினைந்து அடி வரை துல்லியமாகப் போகும். விறைப்பான ராடில் இழுக்கும்போதே கை நடுங்கும்.

மீன் விஷயத்துக்கு வருவோம். ஆறு முதல் எட்டு அங்குலம் சகஜம். பத்து அங்குலம் வந்தால் அன்றைக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. முதுகில் புழு ஊர்ந்த தடம் போன்ற வளைவுக் கோடுகள், பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, கீழ்த் துடுப்புகளின் முன்விளிம்பில் சுத்தமான வெள்ளைக் கோடு. ஈரக் கையில் எடுத்து ஒரு நொடி பார்த்தாலே போதும். குன்னூர்க்காரரான என் மாமனார் ஒருமுறை கூட வந்தவர், “அவலாஞ்சியில இருக்கிற அதே மீன்தானே மாப்பிள்ளை?” என்றார். அது ரெயின்போ, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. இது இந்த மலையின் பூர்வகுடி என்றேன். ராப்பிடானில் பிடித்த டிரவுட்டைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது சட்டம் என்றும் சொன்னேன். “அப்ப எதுக்கு இத்தனை தூரம் இறங்கினோம்?” என்றார். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இந்தச் சைஸ் மீனுக்கு மென்மையான ராடு வேறு விதத்திலும் நல்லது. லீடரின் நுனியில் ஃப்ளையைக் கட்டும் 5X டிப்பெட் நரம்பு 0.006 அங்குலம்தான் கனம், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். ஒன்பதடி 5ஆம் எண்ணில் வேகமாக இழுத்தால் ஆறு அங்குல மீன் தண்ணீரை விட்டுக் கிளம்பித் தலைக்கு மேல் பறந்து போகும். பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மீனுக்கும் நல்லதில்லை. 3ஆம் எண்ணில் அந்த அதிர்ச்சியை ராடு வாங்கிக்கொள்கிறது. அதற்காக 1, 0 என்று இன்னும் கீழே போக வேண்டுமா என்றால், வேண்டாம். அத்தனை லேசான லைனால் தண்ணீரில் மிதக்கும் சற்றுப் பருமனான உலர் ஃப்ளையைக்கூட நேராகக் கொண்டுபோக முடிவதில்லை. அங்கே பெரும்பாலான நேரம் நாம் போடுவது அந்த ஃப்ளைதான்.

தேய்மானம் பற்றிக் கொஞ்சம். கார்க் பிடி கறுத்துவிட்டது, ஒன்றிரண்டு இடத்தில் நிரப்பிய மாவு உதிர்ந்து குழி தெரிகிறது. பிடிப்பதற்கு இடைஞ்சல் இல்லை. துண்டுகள் சேரும் இணைப்பில் அவ்வப்போது மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்க்கிறேன். வீச வீச இணைப்பு மெதுவாகக் கழன்று வரும், கவனிக்காமல் வீசினால் அந்த இடத்தில்தான் பிளக்கும். ஒவ்வொரு மடு மாறும்போதும் ஒரு திருகு திருகிப் பார்ப்பது கைப்பழக்கமாகிவிட்டது. கிராஃபைட்டுக்கு இன்னொரு எதிரி, பாசிமுத்து வைத்த ஃப்ளை வேகமாக வந்து ராடில் மோதுவது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், வாரக்கணக்கில் கழித்து ஒரு சாதாரண இழுப்பில் முறியும். ஃபைபர்கிளாஸ் இந்த அடியைத் தாங்கும். புதருக்குள் நடக்கும்போது பிடி முன்னாலும் முனை பின்னாலும் இருக்கும்படி தூக்கிக்கொண்டு போங்கள். நான்கு துண்டு என்பதால் ஏறி இறங்கும் வழியில் முதுகுப்பையிலேயே அடங்கிவிடுகிறது. இதை வாங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரீலைப் பற்றி யோசித்து நேரத்தை வீணாக்காதீர்கள். அது லைனைச் சுற்றி வைக்கும் டப்பா, அவ்வளவுதான். இந்த மீன் லைனை இழுத்துக்கொண்டு ஓடப்போவதில்லை, கையாலேயே இழுத்துவிடுகிறோம். ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும் மலிவான கிளிக் ரீல் போதும். மிச்சமாகும் காசை லைனில் போடுங்கள். நான் இரண்டு முனையும் ஒரே மாதிரி மெலிந்திருக்கும் டபுள் டேப்பர் வைத்திருக்கிறேன். ஒரு முனை தேய்ந்ததும் கழற்றித் திருப்பிச் சுற்றினால் புது லைன் மாதிரிதான். நாம் பயன்படுத்துவது முதல் சில அடிகள் மட்டும்தானே.

பூங்காவுக்குள் ஒற்றை முள் வைத்த செயற்கை இரைக்கு மட்டுமே அனுமதி, வர்ஜீனியாவின் மீன்பிடி உரிமமும் வேண்டும். முள்ளின் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுங்கள். கோடையில் ஒரு வெப்பமானி கையில் இருக்கட்டும். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ராடை மடித்துவிடலாம், அந்தச் சூட்டில் விட்ட மீன் பிழைப்பது சந்தேகம். இலையுதிர் காலத்தில் அவை முட்டையிடும்போது, சுத்தமாகத் துடைத்த மாதிரி வெளுப்பாகத் தெரியும் சரளைத் திட்டுகள் மேல் கால் வைக்காதீர்கள்.

உங்களிடம் ஏற்கெனவே ஒன்பதடி 5 மட்டும் இருந்தால் உடனே புது ராடு வாங்க வேண்டாம். ராப்பிடானின் கீழ்ப்பகுதியில் சில தடவை அதை வைத்தே பிடித்துப் பாருங்கள். மேலே ஏறி லாரல் பிராங் பக்கம் போக ஆசை வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே விறைப்பான 3ஆம் எண் ராடு கையில் இருக்கிறது, வீசவே வரவில்லை என்பவர்கள் முதலில் லைனை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 4ஆம் எண் டபுள் டேப்பர் போடுங்கள். பத்தடிக்கு அரை கிராம்கூட ஏறாது, ஆனால் இரண்டு கிராமோடு கிட்டத்தட்ட அரை கிராம் கூடினால் ராடுக்கு அது தெரியும். அப்படியும் வளைய மறுத்தால், அந்த ராடை அகலமான ஆறு பக்கத்தில் இருக்கும் யாருக்காவது விற்றுவிட்டு அந்தக் காசில் மிதமான ஏழரை அடி ஒன்றைப் பாருங்கள்.