தாடை மூட்டு வலி: கவசமா, பயிற்சியா, ஊசியா?

பினாங்கில் தாடை வலி என்று சொல்லிவிட்டால் போதும், ஆளுக்கொரு வழி காட்டுவார்கள். பல் கிளினிக்கில் தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் இரவுக் கவசம், அழகுச் சிகிச்சை நிலையத்தில் போடோக்ஸ் ஊசி, சீன வைத்தியரிடம் அக்குபஞ்சர், வீட்டுப் பெரியவர்களிடம் கோடாலித் தைலம். இவற்றில் எதற்கு முதலில் பணம் செலவிடுவது? நான் இரண்டே கேள்விகளை வைத்துப் பார்க்கிறேன். பலன் தரும் என்பதற்குச் சான்று இருக்கிறதா? பலன் தராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா?

முதலில் வலி எங்கே என்று தெரிய வேண்டும். காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் மூட்டு நகர்வது விரலில் படும். கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் அழுத்தும்போது வலித்தால் அது பெரும்பாலும் தசை வலி; பலருக்கு இருப்பது அதுதான். வாயைத் திறக்கும்போது ‘டக்’கென்று சத்தம் மட்டும் கேட்டு, வலியும் தடையும் இல்லையென்றால் சிகிச்சையே தேவையில்லை. சத்தத்துக்குப் பயந்து செலவழிப்பவர்களைப் பார்த்தால் மனம் பொறுப்பதில்லை.

உண்மையான போட்டி கவசத்துக்கும் பயிற்சிக்கும்தான். பல் அச்சு எடுத்துச் செய்யும் கெட்டியான கவசத்துக்குத் தனியார் கிளினிக்குகளில் பல நூறு ரிங்கிட் ஆகும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களின் பற்களை அது தேயாமல் காக்கும்; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வலியைத் தீர்க்குமா? நாள்பட்ட தாடை வலிக்கான வழிகாட்டுதலை 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்டது. கழற்றி மாட்டும் கவசத்தை அது பரிந்துரைக்கவில்லை. வலுவாகப் பரிந்துரைத்தவை வேறு: மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியும் கழுத்து, தோள் நிலையைச் சீராக்கும் பயிற்சியும், தசை முடிச்சுகளைக் கையால் தளர்த்துவது, வலியோடு வாழும் மனத்துக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மருந்தகத்தில் வாங்கி வெந்நீரில் முக்கிக் கடித்துக்கொள்ளும் மென்மையான கவசம் இன்னும் கவனம் தேவைப்படுவது. சிலர் அதையே மென்றுகொண்டிருந்து, வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். முன்பற்களை மட்டும் மூடும் கவசத்தை நீண்ட காலம் போட்டால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் கடி அமைப்பே மாறிவிடக்கூடும்.

பயிற்சி என்றால் ஏதோ பெரிய வேலை என்று நினைக்க வேண்டாம். ‘ன’ என்று சொல்லும்போது நாக்கின் நுனி மேல்பற்களுக்குப் பின்னால் ஓர் இடத்தைத் தொடுகிறது அல்லவா, அங்கேயே நாக்கை நிறுத்துங்கள். கண்ணாடி முன் நின்று, நாக்கு அந்த இடத்தை விட்டு விலகாத அளவுக்கு மட்டும் மெதுவாக வாயைத் திறந்து மூடுங்கள். மோவாய் ஒரு பக்கம் சாயாமல் நேராக இறங்குகிறதா என்று பாருங்கள். ஒரு தடவைக்கு ஆறு முறை, நாளைக்குச் சில தடவைகள். மற்ற நேரத்தில் உதடு மூடியிருக்கட்டும், பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். தமிழ்ப்பள்ளி ஆசிரியையான என் அண்ணி, விடைத்தாள் திருத்தும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதை இப்படித்தான் கண்டுகொண்டார். கூடவே வெந்நீர்த் துண்டு ஒத்தடம். காய்ந்த சோத்தோங் (கணவாய்), கடினமான முறுக்கு, ஐஸ் கடிப்பது எல்லாவற்றுக்கும் சில வாரங்கள் விடுமுறை. இதன் குறை, பலன் மெதுவாக வரும் என்பது. பாதியில் விடுபவர்களே அதிகம். இருந்தும் என் முதல் ஓட்டு இதற்குத்தான். முடிந்தால் தாடையைப் பற்றித் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொள்ளுங்கள்.

அக்குபஞ்சருக்கு அதே வழிகாட்டுதல் நிபந்தனையுடன் ஆதரவு தருகிறது. பயிற்சியுடன் சேர்த்துச் செய்துபார்ப்பதில் தவறில்லை. தைலம் சூட்டில் சற்று ஆறுதல் தரும், அவ்வளவுதான்.

போடோக்ஸ் கன்னத் தசையைத் தளர்த்துகிறது; மூன்று நான்கு மாதத்தில் வேகம் போய்விடும், மறுபடியும் பணம். திரும்பத் திரும்பப் போட்டால் தாடை எலும்பு மெலியுமோ என்ற கவலை ஆய்வாளர்களிடம் இருக்கிறது. முகம் ஒடுங்கித் தெரிய வேண்டும் என்பதற்காகவும் இதே ஊசியை விற்கிறார்கள். வலிக்கு முதல் மருந்தாக இதை நான் ஏற்கமாட்டேன்.

மூட்டைக் கழுவும் சிகிச்சை வேறு வகை. இரண்டு ஊசிகளைச் செருகி உள்ளே உப்புநீரைச் செலுத்தி வெளியேற்றுவார்கள். நாள்பட்ட வலிக்கு இதற்கும் பரிந்துரை இல்லை. ஆனால் மூட்டுக்குள் இருக்கும் குருத்து வட்டு நகர்ந்து வாய் திடீரெனப் பூட்டிக்கொண்டால் கதை வேறு. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாயில் நுழைக்க முடிந்தவருக்கு நேற்றிலிருந்து இரண்டே விரல்தான் நுழைகிறது என்றால், வீட்டில் பயிற்சி செய்துகொண்டு நாளைக் கடத்தக் கூடாது. அரசாங்கப் பல் கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு, பினாங்குப் பொது மருத்துவமனையின் வாய், முக அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் குடிமக்களுக்கு அங்கே செலவு மிகக் குறைவு. கொடுப்பது காத்திருக்கும் நேரத்தைத்தான்.

பல்லைக் கருவியால் தேய்த்துக் கடியைச் சரிசெய்வது, வலிக்காகவே பல்லுக்குக் கம்பி போடுவது, வட்டை வெட்டி எடுப்பது ஆகியவற்றைக் கடைசி வரிசையில் தள்ளுங்கள். தேய்த்த எனாமல் திரும்ப வளராது. 1980களில் அமெரிக்காவில் பலருக்கு டெஃப்லான் கலந்த செயற்கை வட்டைப் பொருத்தினார்கள். அது உள்ளேயே துகள்களாக உதிர்ந்து எலும்பை அரித்தது. 1990களின் தொடக்கத்தில் திரும்பப் பெறப்பட்டபோது பலருடைய தாடை ஏற்கெனவே சேதமாகியிருந்தது.

நம் வீடுகளுக்கு மட்டும் இன்னொன்று சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கு மெல்லும் பெரியவருக்கு வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போனால் அது மூட்டுக் கோளாறாக இருக்காது. கன்னத்தின் உட்புறம் இறுகி நார்போல ஆகும் நோயாக இருக்கலாம். அது புற்றுநோயாக மாறக்கூடியது. கவசமோ பயிற்சியோ தேடாமல் நேரே பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஐம்பதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலியும், புதிதாகப் பொட்டில் தலைவலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. நடக்கும்போது தாடை வலித்து நெஞ்சும் இறுகினால் அது இதயம், 999ஐ அழையுங்கள்.